மொரேன் ஏரி

மொரேன் ஏரி என்பது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், பான்ஃப் தேசியப் பூங்காவில் உள்ள ஒரு மலை ஏரியாகும். பனியாறுகள் உருகி வரும் நீர் இதற்கு முதன்மையான ஆதாரமாகும். ஆழ்ந்த நீலநிற நீருக்கும், பின்னணியில் நிற்கும் பத்துச் சிகரங்களுக்கும் இது பெயர்பெற்றது.

அமைவிடம்

ராக்கி மலைத்தொடரில், லேக் லூயிஸ் சிற்றூரிலிருந்து ஏறத்தாழ 14 கி.மீ. தொலைவில் இவ்வேரி அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து இதன் உயரம் ஏறத்தாழ 1,885 மீட்டர். பரப்பளவு ஏறத்தாழ 50 ஹெக்டேர். பான்ஃப் கனடாவின் முதல் தேசியப் பூங்கா ஆகும். அண்டையிலுள்ள பிற மலைப் பூங்காக்களுடன் சேர்த்து இது 1984ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

பெயர்

வால்டர் வில்காக்ஸ் என்ற அமெரிக்க மலையேறுநர் 1899ஆம் ஆண்டு இவ்வேரிக்குப் பெயரிட்டார். பனியாறு தள்ளிக்கொண்டு வந்து விட்டுச்செல்லும் கல்லும் மண்ணும் கலந்த மேடு ஆங்கிலத்தில் மொரேன் எனப்படும். ஏரியின் முகப்பிலுள்ள பெரும் பாறைக்குவியல் அத்தகையது என அவர் கருதினார். ஆனால் அருகிலுள்ள குன்றிலிருந்து பாறைகள் சரிந்து விழுந்ததால் அக்குவியல் உருவாகியிருக்கவேண்டும் என்று புவியியலாளர் பலர் பின்னர் விளக்கினர். எனினும் பெயர் மாற்றப்படவில்லை.

சிகரங்களின் பெயர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. வில்காக்சின் தோழரான சாமுவேல் ஆலன் 1894இல் ஸ்டோனி நகோடா மக்களின் மொழியில் ஒன்று முதல் பத்து வரையான எண்களையே பத்துச் சிகரங்களுக்கும் பெயர்களாக இட்டார். காலப்போக்கில் அவற்றுள் ஏழு, மனிதர் பெயர்களாலும் பிற பெயர்களாலும் மாற்றப்பட்டன. ஆறு எனப் பொருள்படும் பெயர் கொண்டிருந்த சிகரம் இன்று ஆலனின் பெயரையே தாங்கியுள்ளது. டொன்சா (நான்கு), நெப்டுவாக் (ஒன்பது), வென்க்செம்னா (பத்து) ஆகிய மூன்று பெயர்கள் மட்டுமே எஞ்சியுள்ளன.

நீரின் நிறம்

பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையை மாவுபோல அரைக்கிறது. இந்நுண்துகள்கள் உருகுநீருடன் ஏரியை அடைந்து, எளிதில் படியாமல் மிதக்கின்றன. சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை நீர் உறிஞ்சிக்கொள்ள, நீலத்தையும் பச்சையையும் துகள்கள் சிதறடிக்கின்றன. மே மாதத்தில் ஏரி பெரும்பாலும் உறைந்தும், நீர்மட்டம் தாழ்ந்தும் காணப்படும். சூன் இறுதியில் ஏரி நிரம்பிய பின்னரே நிறம் முழுமையாகத் தெரியும். நிறத்துக்குப் பனியாறுகளே காரணம் என்பதால், வெப்பமயமாதலால் ராக்கி மலைப் பனியாறுகள் சுருங்கிவருவது இவ்வேரியின் எதிர்காலத்தோடும் தொடர்புடையது.

சுற்றுலா

1969, 1979 ஆகிய தொடர்களில் வெளியான கனடாவின் இருபது டாலர் தாளின் பின்புறத்தில் இவ்வேரியின் காட்சி இடம்பெற்றது. பாறைக்குவியலின் உச்சிக்குச் செல்லும் சில நூறு மீட்டர் நீளமுள்ள பாதையிலிருந்து இக்காட்சியைக் காணலாம். லார்ச் பள்ளத்தாக்கு, 2,611 மீட்டர் உயரத்திலுள்ள சென்டினல் கணவாய், கன்சோலேசன் ஏரிகள் ஆகியவற்றுக்கு நடைபாதைகள் உள்ளன. செப்டம்பர் இரண்டாம் பாதியில் லார்ச் மரங்களின் ஊசியிலைகள் பொன்னிறமாகி உதிரும்.

இப்பகுதி கிரிசிலிக் கரடிகளின் வாழிடமாகும். கரடிகளின் நடமாட்டம் மிகும் காலங்களில், சில பாதைகளில் குறைந்தது நால்வர் கொண்ட குழுவாக நெருங்கி நடக்கவேண்டும் என்பது சட்டப்படியான விதியாகும்.

போக்குவரத்துக் கட்டுப்பாடு

பனிச்சரிவு அபாயத்தால் ஏரிக்கான சாலை அக்டோபர் நடுப்பகுதி முதல் மே இறுதி வரை மூடப்படுகிறது. எஞ்சிய சில மாதங்களுக்குள் வருகையாளர் அனைவரும் குவிந்ததால், சிறிய வாகன நிறுத்துமிடம் விடியுமுன்பே நிரம்பி, சாலையில் நெரிசல் ஏற்பட்டது. இதனால் 2023ஆம் ஆண்டு முதல் தனியார் கார்களுக்கு இச்சாலையில் பொதுவாக அனுமதியில்லை. முன்பதிவு செய்து பூங்கா நிர்வாகத்தின் பேருந்திலோ, பிற பேருந்துகளிலோ, மிதிவண்டியிலோ, நடந்தோ செல்லலாம். நினைத்த நேரத்தில் காரில் செல்லும் வசதியை இக்கட்டுப்பாடு நீக்கியது. அதேவேளை, விடியற்காலைக்கு முன்பே வந்து காத்திருக்கவேண்டிய தேவையையும் நீக்கியது.