முகவரி வேறு, சான்று வேறு

வன்முறை மிகுந்த வீடியோ கேம்களைச் சிறுவர்க்கு விற்பதைத் தடுத்த கலிபோர்னிய மாநிலச் சட்டம் செல்லாது என 2011ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முடிவுக்கு உடன்பட்டுத் தனியுரை எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோ, அடிக்குறிப்பொன்றில் ஓர் இணையப்பக்கத்தைச் சான்று காட்டியிருந்தார். பின்னர் அப்பக்கம் மறைந்தது. அம்முகவரியை விலைக்கு வாங்கிய வேறொருவர், இணையச் சான்றுகளின் நிலையாமையை எள்ளும் வாசகமொன்றை அங்கே இட்டார். அடிக்குறிப்பில் ஓரெழுத்தும் மாறவில்லை. அது சுட்டிய சான்று மட்டும் இல்லாமற் போயிற்று.

இது தனி நிகழ்வன்று. அந்நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள இணைய முகவரிகளுள் ஏறத்தாழப் பாதி, மேற்கோள் காட்டப்பட்ட செய்திக்கு இட்டுச் செல்வதில்லை என ஹார்வர்டு சட்டப் பள்ளியின் ஜொனாதன் சிட்ரெயினும் உடனாய்வாளர்களும் 2013இல் கண்டறிந்தனர்.

அச்சு நூலுக்கு இந்த இடர் குறைவு. ஒரு பதிப்பின் படிகள் பல நூலகங்களில் உள்ளன. ஒன்று அழிந்தாலும் அதே பக்கத்தை மற்றொன்றில் காணலாம். இணைய முகவரியோ இருப்பிடத்தை மட்டுமே சொல்கிறது. அங்கே அன்று இருந்த உரைக்கு அது பொறுப்பேற்பதில்லை. முகவரிகளை மாறாமற் காப்பது தளத்தை நடத்துவோரின் கடமை என வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே வலியுறுத்தினார்.

மேற்கோள் விதிகளும் இச்சிக்கலில் தடுமாறின. அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் 2009இல் வெளியிட்ட கையேடு, முகவரி கட்டாயமில்லை, பார்த்த நாள் வேண்டும் என்றது. 2016ஆம் ஆண்டுப் பதிப்போ முகவரியைத் தருமாறு பரிந்துரைத்து, பார்த்த நாளை எழுதுவோர் விருப்பத்திற்கு விட்டது.

விதியைக் காட்டிலும் காப்பகமே உறுதியான தீர்வைத் தந்தது. புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இணையக் காப்பகம், 2001இல் வேபேக் மெஷின் வழியாகப் பழைய பக்கங்களைப் பொதுமக்களுக்குத் திறந்தது. 2013இல் ஹார்வர்டு சட்ட நூலகம் மேற்கோள்களுக்கெனவே பெர்மா என்னும் சேவையைத் தொடங்கியது.

ஆகவே ஆசிரியர், பக்கத் தலைப்பு, தளத்தின் பெயர், வெளியான நாள், முகவரி ஆகியவற்றோடு மேற்கோள் நிறைவடைவதில்லை. படித்த அன்றே பக்கத்தைக் காப்பகத்திற் சேமித்து, அப்படியின் முகவரியையும் பார்த்த நாளையும் உடன் தருதல் வேண்டும். ஆய்வேட்டைப் பத்தாண்டு கழித்துப் படிப்பவர், ஆய்வாளர் கண்ட அதே உரையைக் கண்டு அவரோடு உடன்படவோ மறுக்கவோ அப்போதுதான் இயலும்.