செங்கல்லில் பொறித்த பெயர்

பாக்தாத் நகருக்குத் தெற்கே, யூப்ரடீஸ் ஆற்றங்கரையில், பாபில் நகரின் இடிபாடுகள் கிடக்கின்றன. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் அங்கிருந்து ஆண்ட நெபுகாத்நேசர், தான் எழுப்பிய மாளிகைகளின் செங்கற்களில் தன் பெயரைப் பொறித்து வைத்தான். அரபு நூல்கள் புக்து நஸ்ஸர் என்று குறிப்பிடுவது இவனைத்தான். ஜெர்மானிய ஆய்வாளர் கோல்டவே 1899 முதல் 1917 வரை அங்கு அகழ்ந்தபோது, அப்பெயர் தாங்கிய கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. பேரரசு மறைந்தது, செங்கல் மட்டும் மண்ணுக்குள் காத்திருந்தது.

1980களில் அதே மாளிகையின் அடித்தளத்தின் மேல் புதிய சுவர்கள் எழும்பின. அச்சுவர்களின் செங்கற்களிலும் ஒரு பெயர் பொறிக்கப்பட்டது. அது 1979 முதல் இராக்கின் அதிபராயிருந்த சதாம் உசேனின் பெயர். பழஞ்சுவரின் மீதே புதுச்சுவர் எழுப்பினால் பழையது பாழாகுமே என்று தொல்லியல் அறிஞர்கள் வருந்தினர். அதிபருக்கோ வேண்டியது வரலாறு அன்று. வரலாற்றின் வாரிசுப் பட்டம். 1987 செப்டம்பரில் பாபில் கலைவிழா கோலாகலமாய்த் தொடங்கியது. அவ்வேளையில் எல்லையிலே இளைஞர்கள் மடிந்துகொண்டிருந்தனர்.

1980 செப்டம்பரில் தொடங்கிய ஈரான் போர் அது. அந்தப் போருக்கு அரசு சூட்டிய பெயரைக் கவனிக்க வேண்டும்: ‘சதாமின் காதிஸிய்யா’! ஏழாம் நூற்றாண்டில், கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், ஹள்ரத் ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் தலைமையில் பாரசீகப் பேரரசை எதிர்த்து நடந்த போரே காதிஸிய்யா. அப்பெயரை எடுத்து, ஒரே கலிமாவை மொழிந்து ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் இரு நாட்டு மக்களின் போருக்குச் சூட்டினார்கள். ஸஹாபாக்களின் தியாகம் ஓர் ஆட்சியின் விளம்பரப் பலகையாயிற்று. எதிரே நின்றவன் முஸ்லிம் என்பதை மறக்கச் செய்ய, அந்த ஒரு பெயர் பயன்பட்டது.

போர் முடியுமுன்பே, 1985-இல், அதன் வெற்றிச் சின்னத்தை எழுப்பும் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. சிற்பி காலித் அல்-ரஹ்ஹால் தொடங்கிய பணியை, அவர் மறைந்தபின் முஹம்மது கனீ ஹிக்மத் முடித்தார். தரையைப் பிளந்து எழும் இரு பெருங்கைகள், வாளேந்தி, ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தில் குறுக்கிட்டு வளைவாய் நிற்கின்றன. அக்கைகள் அதிபரின் கைகளையே அச்செடுத்துப் பெரிதாக்கியவை. காலடியில், களத்தில் விழுந்த ஈரானிய வீரர்களின் தலைக்கவசங்கள் குவிக்கப்பட்டன. 1989 ஆகஸ்ட் 8 அன்று, வெண்குதிரை மீதமர்ந்து அதிபர் அவ்வளைவின் கீழே சென்றார்.

ஆனால் எட்டாண்டுப் போரின் முடிவில் எல்லைக்கோடு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் தம் பிள்ளைகளை இழந்திருந்தன. களத்தில் கிட்டாத வெற்றியை வெண்கலத்தில் வார்க்க வேண்டியதாயிற்று. மகனைப் பறிகொடுத்த தாய் ‘எதற்காக?’ என்று கேட்டுவிடக் கூடாதன்றோ? அவள் வாய் திறக்குமுன் வாத்தியங்கள் முழங்கிவிட வேண்டும். அவள் கண்ணீர் விழுமுன் கொடிகள் பறந்துவிட வேண்டும். சர்வாதிகாரத்தின் விழாக்கள் மகிழ்ச்சிக்காக நடப்பவை அல்ல. கேள்விகளை அடக்குவதற்காக நடப்பவை.

1990-இல் குவைத்தைக் கைப்பற்றியதும், 1991-இல் தோற்றுத் திரும்பியதும் நாடறிந்தவை. அத்தோல்விக்கும் ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. இம்முறை அது அல்லாஹ்வின் இல்லமாகவே எழுந்தது! ‘போர்களின் தாய்’ என்னும் பொருள்பட உம்முல் மஆரிக் எனப் பெயரிட்ட அப்பள்ளிவாசல் 2001-இல் நிறைவுற்றது. அதன் மினாராக்களில் சில துப்பாக்கிக் குழலையும், சில ஏவுகணையையும் ஒத்திருந்தன. அதிபரின் இரத்தத்தால் எழுதப்பட்டது என்று அறிவிக்கப்பட்ட திருக்குர்ஆன் பிரதியொன்றும் அங்கே வைக்கப்பட்டது. இரத்தம் அசுத்தமானது என்னும் மார்க்கச் சட்டத்தை எடுத்துக்காட்டி உலமாக்கள் அதைக் கண்டித்தனர். பொருளாதாரத் தடையால் மருந்துக்கும் உணவுக்கும் மக்கள் அல்லலுற்ற ஆண்டுகளில்தான் இத்தனையும் எழுந்தன.

2002 ஏப்ரலில், அதிபரின் 65-வது பிறந்தநாளையொட்டி, பாக்தாதின் பிர்தவ்ஸ் சதுக்கத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில், நூற்றுக்கு நூறு பேர் அவரையே ஆதரித்ததாக அரசு அறிவித்தது. ஆறே மாதங்களில், 2003 ஏப்ரல் 9 அன்று, அச்சிலை வீழ்ந்தது. நூற்றுக்கு நூறில் ஒருவரும் அதைத் தாங்கிப் பிடிக்க வரவில்லை. அன்று சிலையை இழுத்து வீழ்த்தியது படையெடுத்து வந்த அமெரிக்கரின் ஊர்தி. வீழ்த்துமுன் அதன் முகத்தில் ஒரு வீரர் போர்த்தியது அமெரிக்கக் கொடி. ஒரு விழா முடிந்த இடத்திலேயே வேறொரு விழா தொடங்கியது. பாபில் இடிபாடுகளிலும் அப்படையினர் முகாமிட்டுச் சேதம் விளைத்தனர்.

களிமண்ணைச் சுட்டு வானளாவிய மாளிகை கட்டச் சொன்ன பிர்அவ்னின் வரலாற்றைத் திருமறை நமக்குச் சொல்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுப்பிய பள்ளியோ பச்சைச் செங்கல்லாலும் பேரீச்ச மரத்தாலும் ஆனது. அக்கல்லைத் தம் தோழர்களோடு தாமும் சுமந்தார்கள். அக்கல்லில் எவர் பெயரும் இல்லை.

இன்று பாபிலுக்குச் செல்வோர் இரு காலத்துச் செங்கற்களையும் ஒரே சுவரில் காணலாம். உயர்ந்த மினாராவைக் கண்டு உள்ளம் பூரிக்கும் வேளையில், அது அழைப்பது தொழுகைக்கா, ஒரு மனிதரின் துதிக்கா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அக்கேள்வியை மறந்த மக்கள் கொடுத்த விலையை அந்தச் செங்கற்கள் சொல்லும்.