பித்தப்பையின் இரு காயங்கள்

கல்லீரல் கட்டிக்குக் கதீட்டர் வழியே செய்யப்படும் இரு சிகிச்சைகளை, கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதைக் கொண்டே பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். நாம் பித்தப்பையின் பக்கம் நின்று ஒப்பிட்டுப் பார்ப்போம். நோயில் அதற்குப் பங்கில்லை. ஆனால் அதன் தமனி பெரும்பாலோருக்கு வலக் கல்லீரல் தமனியிலிருந்து கிளைக்கிறது. கட்டிக்கு மருந்து போகும் வழியும் பல நேரம் அதுவே.

ஒன்று, கீமோ மருந்தைச் செலுத்தித் தமனியை அடைக்கும் 'டேஸ்'. மற்றது, கதிர்வீசும் யிட்ரியம்-90 ஏற்றிய நுண்மணிகளை அனுப்பும் 'டேர்'. கல்லீரல் தன் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைப் போர்ட்டல் சிரையிலிருந்து பெறுகிறது, கட்டியோ தமனியை நம்பி வளர்கிறது என்ற வேறுபாடுதான் இரண்டுக்கும் அடிப்படை. பித்தப்பைக்குப் போர்ட்டல் சிரையின் ஆதரவு இல்லை. அதுவும் தமனி ரத்தத்தில் வாழும் உறுப்பு. கட்டியைத் தனியே பிரித்துத் தாக்க உதவும் அதே வேறுபாட்டில், பித்தப்பை கட்டியின் அணியில் நிற்கிறது. இரு சிகிச்சைகளுக்கும் பொதுவான சங்கடம் இது.

காயம் உண்டாகும் விதத்தில் இரண்டும் பிரிகின்றன. டேஸில் லிப்பியோடால் என்ற எண்ணெயில் கலந்த டாக்சோரூபிசினும் ஜெலட்டின் பஞ்சும், அல்லது பெரும்பாலும் 100 முதல் 300 மைக்ரான் அளவுள்ள மருந்து மணிகளும் ரத்த ஓட்டத்தை நிறுத்துகின்றன. அவை பித்தப்பைத் தமனிக்குள் சிதறினால் சுவர் ரத்தமின்றி வாடுகிறது. மருந்தின் நச்சும் சேர்கிறது. டேர் மணிகளோ 20 முதல் 60 மைக்ரான்தான். பெரிய குழாய்களை அடைக்காமல் சுவரின் உள்ளே வெகுதூரம் போய்த் தங்குகின்றன; தீங்கு செய்வது கதிர்வீச்சு. அந்தப் பீட்டா கதிர் திசுவில் சராசரியாக 2.5 மில்லிமீட்டர் ஊடுருவும். நலமான பித்தப்பையின் சுவர்த் தடிமன் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கும். இந்த இரு எண்களின் நெருக்கம் எனக்கு வியப்பளிக்கிறது. கதிரின் உச்ச எல்லை சுமார் 11 மில்லிமீட்டர் என்பதால், பித்தப்பையை ஒட்டிய கட்டிக்குச் சிகிச்சை தரும்போது ஒரு மணிகூட சுவருக்குள் நுழையாமலே சுவர் காயப்படலாம். டேஸுக்கு அந்தத் தாவல் கிடையாது.

காலமும் வேறு. டேஸின் காயம் முதல் சில நாள்களில் தலைகாட்டுகிறது. அதே நாள்களில் காய்ச்சல், வலப்பக்க வலி, குமட்டல் ஆகியவை சிகிச்சையின் வழக்கமான பின்விளைவாகவும் வருவதால், பித்தப்பை அழற்சி அவற்றுக்குள் ஒளிந்துகொள்கிறது. யிட்ரியத்தின் அரைவாழ்வு 64 மணி நேரம். கதிரில் பெரும்பங்கு இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடும். வலி மட்டும் வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்து வருகிறது. அதற்குள் நோயாளி வேறொரு மருத்துவரிடம் போய், அவர் பித்தக்கல்லைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

இரண்டும் தம் தடத்தைத் தாமே காட்டிக்கொடுப்பது எதிர்பாராத ஒற்றுமை. சிதறிய லிப்பியோடால் சி.டி. படத்தில் சுவரோடு வெள்ளையாய் ஒளிரும். சிதறிய யிட்ரியம் ஸ்பெக்ட் அல்லது பெட் ஸ்கேனில் தெரியும். ஆனால் படத்தில் தெரியும் அளவுக்கு நோயாளி அவதிப்படுவதில்லை. சுவர் தடித்தவர்கள் பலர், அறுவை தேவைப்படுபவர்கள் சிலரே. சிரோசிஸ் இருந்தால் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சுவர் தடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

தடுக்கும் வழியில் சுவையான முரண் ஒன்று உண்டு. இரண்டிலும் முதல் விதி, மைக்ரோகதீட்டரைப் பித்தப்பைத் தமனி பிரியும் இடத்தைத் தாண்டிக் கொண்டுபோவது. அது முடியாதபோது, டேருக்கு முன் சில மருத்துவர்கள் அந்தத் தமனியின் வாயையே 'காயில்' என்னும் உலோகச் சுருளை வைத்து அடைக்கிறார்கள். காப்பாற்ற வேண்டிய உறுப்பின் குழாயை அடைப்பதா? வாய்க்காலின் தலைமதகை அடைத்தாலும் பக்கத்து வயல்களின் கசிவில் பயிர் தாக்குப்பிடிக்கும்; வயலுக்குள்ளேயே உப்பு இறங்கினால் பிழைக்காது. கல்லீரல் படுகையிலிருந்து வரும் சிறு குழாய்கள்தான் இங்கே கசிவு நீர். எல்லோரும் இதைச் செய்வதில்லை. கடுமையான சிக்கல் அரிதென்பதால் விட்டுவிடுவோரும் உண்டு. டேஸிலோ நேரெதிர் நிலைமையும் வரும்: சில கட்டிகளுக்குப் பித்தப்பைத் தமனியே ரத்தம் ஊட்டுவதால், மருத்துவர் தெரிந்தே அதற்குள் நுழைய நேர்கிறது.

வைத்தியத்தில் பெரிய வேறுபாடில்லை: பட்டினி, வலிநிவாரணி, ஆன்டிபயாட்டிக், தேவையானால் தோல்வழிக் குழாய் வைத்து வடித்தல். கல்லீரல் நலிந்தவர்களுக்கு அறுவை ஆபத்தானது என்பதால் அதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

டேஸ் செய்துகொண்டவர்கள், காய்ச்சலும் வலியும் நாளுக்கு நாள் குறையாமல் ஏறினால் 'வழக்கமானதுதான்' என்று பொறுத்திருக்க வேண்டாம். டேர் செய்துகொண்டவர்கள், மாதங்கள் கழித்து வலப்பக்கம் வலித்தாலும் சிகிச்சைத் தேதியைப் புதிய மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.