சிங்கப்பூர் வேலைக்குப் போறீங்களா? 'புரியல' என்று சொல்லத் தெரிவது ஏன் முக்கியம்?

மதுரை விமான நிலையத்தில் சிங்கப்பூர் விமானம் கிளம்பும் நாளில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து குடும்பங்கள் வழியனுப்ப வருகின்றன. பையில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் இருக்கும். ஆனால் அந்த ஊர் வேலையிடத்தில் எப்படிப் பேசணும், எதைக் கேட்கணும் என்பதை யார் சொல்லித் தருகிறார்கள்?

வளைகுடா, மலேசியாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 10-ஆம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் 'இசிஆர்' வகை. அதை வைத்து 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை. அவர்களுக்காக மத்திய அரசு ஒரு நாள் பயிற்சியை இலவசமாக நடத்துகிறது. சட்டம், சம்பளம், அந்த நாட்டுப் பழக்கவழக்கம் எல்லாம் அதில் வரும். உதாரணமாக, ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. இதைத் தெரியாமல் போனால் கேட்கவே தோணாது.

அந்த 18 நாடுகளில் சிங்கப்பூர் இல்லை. அங்கே போகிறவருக்கு வகுப்பு, இறங்கிய பிறகுதான். முதல்முறை வரும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 2018 அக்டோபரில் தொடங்கிய 'செட்டிலிங்-இன்' பயிற்சி, பிறகு மற்ற சில துறைகளுக்கும் விரிந்தது. இதுவும் ஒரு நாள்தான்; தமிழிலேயே நடக்கிறது.

தலையாட்டினால் என்ன ஆகும்?

சிக்கல் மறுநாள் காலையில் தொடங்குகிறது. சைட்டில் வேலைக்கு முன் 'டூல்பாக்ஸ் மீட்டிங்'. சூப்பர்வைசர் வேகமான ஆங்கிலத்தில் இன்றைய வேலை, ஆபத்து எல்லாம் சொல்லிவிட்டு 'ஓகே?' என்பார். நம்மூர் ஆள் பக்கவாட்டில் தலையை ஆட்டுவார். நமக்கு அது 'சரிங்க'. சீனரோ வங்கதேசத்தவரோ அதை 'இல்லை' என்றும் எடுக்கலாம், 'புரிந்தது' என்றும் எடுக்கலாம். பாதி புரிந்த நிலையில் சாரத்தில் ஏறுவதுதான் ஆபத்து.

நம்மூரில் மேஸ்திரியிடம் திருப்பிக் கேட்டால் 'எதிர்த்துப் பேசுறான்' என்பார்கள். அந்தப் பழக்கம் கூடவே போகிறது. ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிக் கட்டியவருக்கு, வாயைத் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் சேரும். அதனால் புதிதாக வருகிறவரிடம் பழைய ஆள் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "புரியலேன்னா புரியலேன்னு சொல்லுப்பா, யாரும் கோவிக்க மாட்டாங்க." 'நோ அண்டர்ஸ்டாண்ட், ஒன் மோர் டைம்' என்றால் போதும், இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. சொன்னதை நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டுவது இன்னும் நல்லது.

சூப்பர்வைசர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'ஓகே?' என்று கேட்டால் 'ஓகே'தான் பதிலாக வரும். 'முதல்ல என்ன செய்வே?' என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

விமானம் ஏறும் முன் 'ஐபிஏ' எனப்படும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம் தொழிலாளியின் தாய்மொழியில் கிடைக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் முதலாளி எழுத்தில் சம்மதம் வாங்கி, மனிதவள அமைச்சகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது.

பிரச்சினை என்றால் சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். ஐபிஏ கடிதத்தை போட்டோ எடுத்து, கிளம்பும் முன்பே வீட்டு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். போன் தொலைந்தாலும் ஊரில் ஒரு நகல் இருக்கும்.