காற்று இறங்கிய இடத்தில்

சேலம், நாமக்கல் பக்கம் ஒரு காலத்தில் வசதியான வீடு என்றால் வாசலில் வில்வண்டி நின்றது. கட்டை வண்டியில் போனவர்களுக்குப் பாதையின் கல்லும் குழியும் நேராக முதுகெலும்பில் ஏறின. வில்வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகள் அந்த அடியை வாங்கிக்கொண்டன. இங்கிலாந்தில் ஒபதையா எலியட் 1804இல் குதிரை வண்டிக்குப் பூட்டிய யோசனையும் இதுதான். அவருக்கு 41 ஆண்டு முன்பே, 1763இல், டிராட்வெல் என்பவர் வேறொரு வில்லுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அது சுருளாகச் சுற்றிய கம்பி. வண்டி கட்டுகிறவர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பட்டை சுமையைத் தாங்கியது, அச்சைப் பிடித்துக்கொண்டது, ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தையும் அடக்கியது. சுருளுக்குச் சுமை தாங்க மட்டுமே தெரியும். அதன் நாள் வருவதற்கு நல்ல எஃகு மலிய வேண்டியிருந்தது. அந்த எஃகின் கதையில் சேலத்துக்கும் ஒரு பங்கு இருந்தது.

ஜோசையா மார்ஷல் ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சேலம் பக்கம் இருந்தவர். இங்குள்ள இரும்புக் கனிமத்தைப் பார்த்து மயங்கி, வேலையை விட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் உலை கட்டினார். அடுப்புக்கு விறகுக்கரி போதவில்லை, பணமும் கரைந்தது. ஆனால் மனிதர் சோர்ந்துவிடவில்லை. எஃகு உருக்கும் பானையில் கொஞ்சம் மாங்கனீசு கார்பைடு சேர்த்தால் எஃகின் தரம் உயர்வதைக் கண்டு, 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரத்து எஃகுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கார்பைடாக ஆக்காமல், மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியாகப் பானையில் போட்டாலும் அதே பலன் கிடைத்தது. காப்புரிமை வாசகத்தில் அந்த வழி இல்லை! ஹீத் வழக்குப் போட்டார். 1855இல் கடைசித் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தபோது அவர் உயிரோடு இல்லை. எஃகு நின்றது. ஆனால் அதற்குள் வேறு சிலருடைய கண் இரும்பை விட்டுக் காற்றின் மேல் விழத் தொடங்கியிருந்தது.

1901இல் அமெரிக்காவின் வில்லியம் ஹம்ஃப்ரீஸ், வண்டியைக் காற்றின் மேல் உட்காரவைக்கும் வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். அது சாலைக்கு வந்து நிலைக்க அரை நூற்றாண்டு ஆனது. 1954இல் கிரேஹவுண்ட் நிறுவனத்தின் சீனிக்ரூஸர் பேருந்து ரப்பர் காற்றுப்பைகளின் மேல் மிதந்து ஓடியது. பேருந்துக்கு அது பொருந்தியதற்குக் காரணம் உண்டு. பிரேக்குக்காக அதில் கம்ப்ரசர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஆள் ஏற ஏறக் காற்றும் ஏறியது, தளம் தாழவில்லை. இந்தச் சுகத்தைக் காருக்கும் கொடுத்துவிட ஆசை வந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

1957இல் கேடிலாக் எல்டோராடோ புரோஹம் நான்கு சக்கரத்திலும் காற்று வில்லோடு வந்தது. விலை 13,074 டாலர். கொஞ்ச நாளில் குழாய்களும் இணைப்புகளும் கசிந்தன. ராத்திரி நிமிர்ந்து நின்ற கார் விடியலில் தரையோடு படுத்துக் கிடந்தது. பல சொந்தக்காரர்கள் காற்று அமைப்பையே பிடுங்கிவிட்டு, டிராட்வெல்லின் பழைய சுருளை மாட்டச் சொன்னார்கள். காற்று தோற்றது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், கம்ப்யூட்டரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அது திரும்பி வந்தது.

1984இல் அந்தக் காற்று வில்லோடு லிங்கன் மார்க் செவன் வந்தது. 1990இல் லிங்கன் டவுன் காருக்குப் பின்சக்கரங்களில் மட்டும் காற்றுப்பை வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ரப்பர் வெடித்தது. கசிவை ஈடுகட்ட ஓடி ஓடிக் கம்ப்ரசரும் கருகியது. அப்போதுதான் வீட்டு ஷெட்டில் ஜாக்கி வைத்து அடியில் படுத்தவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் தென்பட்டது. அதே அடிச்சட்டத்தில் பிறந்த கிரௌன் விக்டோரியா, அமெரிக்கப் போலீஸ் ஓட்டிய கார், பின்னால் சுருள் வில்லோடுதான் வந்துகொண்டிருந்தது. அதன் சுருள் காற்றுப்பை இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தது! வெட்டு வேண்டாம், வெல்டிங் வேண்டாம். நான்கு ரப்பர் வட்டும் இரண்டு சுருளும் ஒரு பெட்டியில் விற்பனைக்கு வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை ஒரு பெரிய நிறுவனத்தின் பொறியியலையே திருத்தியது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கும் வந்தது.

சேலத்தை அடுத்த அரியானூர் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில், கைமாறி வந்த ஒரு வெளிநாட்டுக் கார் பின்பக்கம் சரிந்து கிடந்தது. இந்தப் பக்கத்து லாரிகள் பட்டையை நம்பித்தான் ஓடுகின்றன. 2001க்குப் பிறகு வந்த வால்வோ பேருந்துகள் காற்றுப்பையை ஊருக்குப் பழக்கியும் விட்டன. பேருந்துக்குப் பையை மாற்ற ஆள் உண்டு, இந்தக் காருக்குப் பை எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்ததன் விலையோ மலைப்பாக இருந்தது. தம்பி முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினான். பிறகு வால்வைத் திறந்து மிச்சக் காற்றைச் சீறவிட்டான். காற்று இருக்கும்போது பையில் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. செங்கல்லை நம்பாமல் இரும்பு முட்டு கொடுத்தோம். அச்சைத் தாழ்த்திக் கிழிந்த பையை உருவினோம். கறுப்புச் சுருளை, மேலும் கீழும் ரப்பர் வட்டு வைத்து, இடத்தில் திருப்பி உட்காரவைத்தோம். சுருள் வில்லுக்கான எஃகில் இன்றும் மாங்கனீசு உண்டு. நிமிர்ந்தால் எதிரே இரும்புக் கனிமம் நிறைந்த கஞ்சமலை.

டிக்கி நிறைய மூட்டை ஏற்றினால் இனி பின்பக்கம் தாழத்தான் செய்யும், சுமைக்கேற்ற அந்தச் சமநிலை போய்விட்டது. டேஷ்போர்டில் காற்று வில்லுக்கான மஞ்சள் எச்சரிக்கை விளக்கும் அணையவில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே டேப் வைத்து அளந்து, சுவரில் கரியால் எழுதிவிட்டுப் படுத்தோம். விடிந்ததும் தம்பிதான் முதலில் ஓடினான். சுவரில் இருந்த அதே அளவு.