யேட்ஸ் கவுன்டி (நியூயார்க்)

யேட்ஸ் கவுன்டி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ‘விரல் ஏரிகள்’ எனப்படும் பகுதியிலுள்ள ஊர்ப்புற நிர்வாகப் பிரிவு. கிழக்கெல்லையில் செனிக்கா ஏரி, மேற்கில் கனன்டைகுவா ஏரி, நடுவே கவைக்கோல் வடிவில் கிளை பிரியும் கியூக்கா ஏரி. 1823இல் ஒன்டாரியோ கவுன்டியிலிருந்து பிரிக்கப்பட்டு, அப்போதைய ஆளுநர் ஜோசப் யேட்ஸின் பெயரைப் பெற்றது. தலைமையிடம் பென் யான்.

இந்நிலம் ஹோடனஷோனி கூட்டமைப்பைச் சேர்ந்த செனிக்கா மக்களுடையது. 1779இல் ஜார்ஜ் வாஷிங்டனின் ஆணைப்படி ஜெனரல் சல்லிவனின் படை இவ்வட்டாரத்தில் நுழைந்து ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் பழத்தோட்டங்களையும் எரித்தது. 1788இல் ஃபெல்ப்ஸ், கோரம் என்ற இரு வணிகர்கள் நிலத்தை வாங்கினர். எரித்த பின் நடந்த பேரத்தை ‘வாங்கினர்’ என்று எழுதுவது பத்திர மொழி மட்டுமே.

அதே ஆண்டில் வந்த குடியேறிகளே கவுன்டியின் வரலாற்றில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு போதகரின் அடியார்கள் அவர்கள். ரோட் தீவில் குவேக்கர் குடும்பமொன்றில் 1752இல் பிறந்த ஜெமைமா வில்கின்சன், 1776இல் கடுங்காய்ச்சலில் விழுந்து எழுந்தார். பழைய ஆள் இறந்துவிட்டதாகவும், அவ்வுடலில் இப்போதிருப்பது ஆணுமல்லாத பெண்ணுமல்லாத இறைத்தூதர் என்றும் அறிவித்து, ‘அனைவர்க்கும் பொது நண்பர்’ என்ற பெயரைச் சூடிக்கொண்டார். பழைய பெயரால் அழைத்தால் பதில் சொல்ல மாட்டார். ஆண் போதகர்களின் அங்கி அணிந்து, நியூ இங்கிலாந்திலும் ஃபிலடெல்ஃபியாவிலும் குதிரையில் சென்று போதித்தார். மணத்துறவைப் போற்றினாலும் அதைக் கட்டாயமாக்கவில்லை. அடிமைகளை விடுவிக்கும்படி அடியார்களிடம் வலியுறுத்தினார்.

அடியார்கள் செனிக்கா ஏரிக்கரையருகே காடு திருத்தி, கோதுமை விதைத்து, கியூக்கா ஏரியின் வடிகாலோடையில் மாவாலை அமைத்தபின், 1790இல் நண்பர் வந்து சேர்ந்தார். 1794இல் கனன்டைகுவாவில் செனிக்கா மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் உடன்படிக்கை நடந்தபோது அங்கும் சென்று பேசினார். நில அளவைக் கோடு பிழையாக இழுக்கப்பட்டிருந்ததால் உரிமைத் தகராறு முளைத்தது. தலைமை அடியார் சிலரே எதிரணியில் நின்றனர். நண்பர் மேற்கே நகர்ந்து ஜெருசலேம் என்ற புதுக் குடியிருப்பை நிறுவி, 1819இல் அங்கேயே மறைந்தார். உடல் முதலில் வீட்டு நிலவறையில் வைக்கப்பட்டு, பின்னர் அடையாளமற்ற குழியில் இடப்பட்டது. சொத்து வழக்கு அவருக்குப் பின்னும் நீடித்தது. 1821இல் டேவிட் ஹட்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு அவரை மோசடிக்காரராகச் சித்திரித்தது. நெடுங்காலம் பலரும் அதையே படியெடுத்தனர். மோசடிக்காரர் காட்டுக்குள் வந்து பாடுபட வேண்டியதில்லை. அவர் வாழ்ந்த மரவீடு இன்றும் நிற்கிறது. அவருடைய உருவப்படம் பென் யானிலுள்ள கவுன்டி வரலாற்று மையத்தில் உள்ளது.

அடியார்கள் முதலில் குடியேறிய இடத்துக்கு அருகிலுள்ள டிரெஸ்டன் சிற்றூரில் 1833இல் பிறந்தவர் நாத்திகப் பேச்சாளர் ராபர்ட் இங்கர்சால். சுயமரியாதை இயக்க வெளியீடுகள் வழியே தமிழர் நன்கறிந்த பெயர் இது. தந்தை பாதிரியார், குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

அதே 1833இல் பென் யானையும் டிரெஸ்டனையும் இணைத்து ‘வளைந்த ஏரிக் கால்வாய்’ திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 13 கி.மீ.; செங்குத்தான சரிவால் இருபதுக்கும் மேற்பட்ட படகு மதகுகள் தேவைப்பட்டன. வருமானம் செலவைத் தாங்காமல் 1877இல் கைவிடப்பட்டது. பின்னர் அத்தடத்தில் ரயில் ஓடியது, இன்று நடைபாதை.

பிற நினைவிடங்கள்: 1838இல் கட்டப்பட்ட, கிரேக்கப் பாணித் தூண்கள் கொண்ட எஸ்பரன்சா மாளிகை, 1797 முதல் இயங்கிவரும் பர்க்கெட் மாவாலை, திராட்சை மது வணிகர் பால் காரெட், இறந்த மகனின் நினைவாக ப்ளஃப் பாயின்ட் குன்றில் எழுப்பி 1931இல் முடித்த கற்கோயில்.

2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 24,774. திராட்சைத் தோட்டம், பால்பண்ணை, சுற்றுலா முக்கியத் தொழில்கள். 1970களிலிருந்து மென்னோனைட் உழவர்கள் பெருகியுள்ளனர். டிரெஸ்டனிலுள்ள பழைய அனல்மின் நிலையம் பிட்காயின் கணிப்பொறிகளுக்கு மின்சாரம் தரத் தொடங்கியதால் ஏரிநீர் பற்றிய சர்ச்சை எழுந்துள்ளது.