மாஸ்டர் மஹாசயரின் நாட்குறிப்பு

நல்ல விஷயங்களைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசுவதை நம் பெரியோர்கள் ஸத்ஸங்கம் என்றார்கள். உபநிஷத்துக்களில் பாதிக்கு மேல் பேச்சுத்தான். மைத்ரேயி கேட்கிறாள், யாக்ஞவல்கியர் சொல்கிறார். நசிகேதஸ் கேட்கிறான், யமன் சொல்கிறான். ஆனால் அந்தப் பேச்சு நடந்த நாள், கிழமை, அருகில் இருந்தவர் யார், சொன்னவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. இவை அத்தனையும் குறிக்கப்பட்ட ஒரு ஸம்பாஷணை நம் தேசத்தில் இருக்கிறதென்றால், அது கல்கத்தாவுக்கு அருகே தக்ஷிணேசுவரத்தில் 1882 முதல் 1886 வரை நடந்தது. அதை எழுதி வைத்தவர் ஸந்நியாசி அல்ல. குடும்பஸ்தர், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்.

மஹேந்திரநாத் குப்தர் 1854ல் கல்கத்தாவில் பிறந்தவர். பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்தவர். ஈசுவர சந்திர வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிடன் பள்ளியின் சியாம்பஜார் கிளைக்குத் தலைமை ஆசிரியர். பதின்மூன்று வயதிலிருந்தே டயரி எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. சிறுவயதுப் பழக்கம் ஒன்று பிற்பாடு இவ்வளவு பெரிய காரியத்துக்கு உதவியதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அவர் பரமஹம்ஸரைத் தேடிக்கொண்டு போகவில்லை. கூட்டுக்குடும்பத்துச் சச்சரவு தாங்காமல், உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணத்தோடு வீட்டைவிட்டு வெளியேறி, பராநகரில் சகோதரி வீட்டில் வந்து தங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 27. 1882 பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உறவினர் சித்து என்பவர் கங்கைக் கரைத் தோட்டங்களைக் காட்ட அவரை அழைத்துப் போனார். ராணி ராஸ்மணி 1855ல் கட்டிய காளி கோயிலும் அப்படி ஒரு தோட்டத்தில்தான் இருக்கிறது. ஓர் அறையில் ஜனங்கள் நிறைந்து உட்கார்ந்திருக்க, ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்த மஹேந்திரர், இவர் நிறையப் புஸ்தகம் படிப்பாரோ என்று வாசலில் நின்ற வேலைக்காரியைக் கேட்டார். புஸ்தகமாவது ஒன்றாவது, எல்லாம் அவர் வாயிலேயே இருக்கிறது என்று அவள் பதில் சொன்னாள். படித்த மனுஷருக்கு இது ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது முறை காலையில் போனபோது, பரமஹம்ஸர் க்ஷவரம் செய்துகொள்ள உட்கார்ந்திருந்தார். பேச்சு சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. எங்கே இருக்கிறீர்கள், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றதும், அடடா, இவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாமே என்று வருத்தப்பட்டுக்கொண்டார். குழந்தைகள் உண்டா என்றார். அதுவும் உண்டு. மஹேந்திரருக்கு ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர் போல் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அடுத்த கேள்விதான் முக்கியம். உங்கள் மனைவி எப்படிப்பட்டவள், ஞானமுள்ளவளா, அஞ்ஞானியா? நல்லவள்தான், ஆனால் அஞ்ஞானி என்றார் மஹேந்திரர். அப்படியானால் நீங்கள் ஞானியோ என்று பரமஹம்ஸர் சட்டென்று கேட்டார். படிப்பு என்றால் ஞானம், படிக்காவிட்டால் அஞ்ஞானம் என்று அதுவரை நம்பியிருந்தவருக்கு அது முதல் அடி. தன் கர்வத்துக்கு விழுந்த அடி என்று அவரே பின்னால் எழுதிவிட்டார்.

சற்று நேரத்தில் இரண்டாவது அடியும் விழுந்தது. களிமண் பிம்பத்தைக் கும்பிடுகிறவர்களுக்கு அது தெய்வம் அல்ல என்று எடுத்துச் சொல்ல வேண்டாமா என்று இவர் கேட்டார். லெக்சர் அடிப்பதே கல்கத்தாக்காரர்களுக்கு வேலையாகிவிட்டது, தனக்கு வெளிச்சம் வரும் வழியை யாரும் பார்ப்பதில்லை என்று பதில் வந்தது. பிறகு குரலைத் தணித்து ஓர் உதாரணம் சொன்னார். ஐந்து பிள்ளைகள் உள்ள தாய் ஒரே மீனை ஒவ்வொரு பிள்ளையின் வயிற்றுக்கும் ஏற்றபடி வெவ்வேறாகச் சமைத்துப் போடுகிறாள். பகவானும் அப்படியே வழிபாட்டு முறைகளைப் பலவாக வைத்திருக்கிறார். (வங்காளத்தில் பிராமணர் வீட்டிலும் மீன் உண்டு. நம்மவர்கள் முகம் சுளிக்காமல் கருத்தை எடுத்துக்கொள்ளவும்.) அதன்பின் மஹேந்திரர் தர்க்கம் செய்வதை நிறுத்திவிட்டு, தனக்கு வேண்டிய கேள்வியைக் கேட்டார். ஸம்ஸாரத்தில் இருந்துகொண்டு எப்படி வாழ்வது?

இதற்குக் கிடைத்த பதில்கள் பெரும்பாலும் சமையற்கட்டிலிருந்தே வந்தவை. பலாப்பழம் நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்றார். பாலக்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலில் உறை குத்தினால் பாத்திரத்தை அசைக்காமல் தனியே வைக்க வேண்டும். தோய்ந்த தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்துவிட்டால், பிறகு அதைத் தண்ணீரில் போட்டாலும் மிதக்குமே தவிரக் கரையாது. மனசும் அப்படித்தான், அவ்வப்போது கொஞ்ச நாள் தனிமையில் இருந்துவிட்டு வந்து குடும்பத்தை நடத்து. வீட்டை விட்டுவிடு என்று மஹேந்திரரிடம் அவர் சொல்லவே இல்லை.

ஆனால் இந்தப் பேச்சு சும்மா கிடைத்துவிடவில்லை. ஞாயிறு, லீவு நாள் என்று ஓடிக்கொண்டிருந்தவர், பரமஹம்ஸர் தொண்டைப் புற்றுநோயால் படுத்தபின் இன்னும் அடிக்கடி போனார். பள்ளியின் பரீக்ஷை முடிவு சரியில்லாதபோது, அங்கே போய் வருவதால்தான் இப்படி என்ற அர்த்தத்தில் வித்யாசாகர் ஒரு வார்த்தை சொன்னார். மஹேந்திரர் வேலையை ராஜிநாமா செய்துவிட்டார். மனைவி, குழந்தைகள் உள்ளவர் கையில் வேறு உத்தியோகம் இல்லாமல் எடுத்த முடிவு இது. அதிர்ஷ்டவசமாகச் சீக்கிரமே வேறு இடம் கிடைத்தது. வித்யாசாகர் பக்கமும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. பள்ளி நடத்துகிறவர் வேறென்ன சொல்வார்?

அதே வித்யாசாகர் வீட்டுக்கு 1882 ஆகஸ்ட் 5ந் தேதி பரமஹம்ஸரை அழைத்துப் போனதும் மஹேந்திரர்தான். அன்றைய ஸம்பாஷணை நூலின் ரஸமான பகுதிகளில் ஒன்று. இதுவரை ஓடையையும் ஆற்றையும்தான் பார்த்தேன், இன்று ஸாகரத்துக்கே வந்துவிட்டேன் என்றார் விருந்தாளி. அப்படியானால் கொஞ்சம் உப்புத் தண்ணீர் எடுத்துப் போங்கள் என்றார் வீட்டுக்காரர். பேச்சு வளர்ந்து பிரும்மத்தில் வந்து நின்றது. வேதம், புராணம், தந்திரம் எல்லாம் மனிதர் வாயால் சொல்லப்பட்டு எச்சிலாகிவிட்டன. பிரும்மம் ஒன்றுதான் இன்னும் எச்சில்படவில்லை, ஏனென்றால் அது இன்னதென்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை. எச்சில், பத்து என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதன் நயம் உடனே புரியும். புதிதாக ஒன்று கற்றுக்கொண்டேன் என்றார் அந்த மஹாபண்டிதர். தக்ஷிணேசுவரம் வருவதாகவும் வாக்களித்தார். வரவில்லை. அதையும் மஹேந்திரர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1884 டிஸம்பரில் பங்கிம் சந்திரரோடு நடந்த பேச்சு வேறு தினுசு. மனிதனின் கடமை என்ன என்று கேட்டதற்கு, டெபுடி மாஜிஸ்திரேட்டான பங்கிம் கேலியாக, ஆஹாரம், நித்திரை, ஸ்திரீ சுகம் என்றார். முள்ளங்கி தின்றவனுக்கு முள்ளங்கி ஏப்பம்தான் வரும் என்று பரமஹம்ஸர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

இந்த நூலை எவ்வளவு தூரம் நம்பலாம்? சரித்திரம் படிக்கிறவர்கள் கேட்டே தீர வேண்டிய கேள்வி இது. மஹேந்திரர் அங்கேயே உட்கார்ந்து எழுதவில்லை. வீட்டுக்கு வந்து, சுருக்கமாகச் சில வார்த்தைகளில் குறித்துக்கொள்வார். பரமஹம்ஸர் 1886 ஆகஸ்ட் 16ல் ஸித்தியடைந்தார். வங்காளி மொழியில் கதாம்ருதத்தின் முதல் பாகம் வந்தது 1902ல். ஐந்தாவது பாகம் 1932ல். அதாவது 46 வருஷத்துக்கு முந்திய குறிப்பை எதிரில் வைத்துக்கொண்டு, அந்தக் காட்சியைத் தியானித்து விரித்து எழுதியிருக்கிறார். ஆகவே ஒவ்வொரு சொல்லும் அப்படியே என்று சாதிக்க முடியாது. தேதி, திதி, கிழமை, வந்திருந்தவர்கள், பேச்சின் போக்கு ஆகியவற்றைத் தாராளமாக நம்பலாம் என்பது என் அபிப்ராயம். தன்னைப் பெருமைப்படுத்த நினைப்பவர் தான் வாங்கிய திட்டை முதல் அத்தியாயத்தில் போடமாட்டார். தன் பெயரைக்கூட அவர் போடவில்லை. மாஸ்டர், மணி, ஒரு பக்தர் என்று ஒளிந்துகொள்கிறார். 1897ல் இவருடைய ஆங்கிலத் துண்டுப் பிரசுரங்களைப் படித்த விவேகாநந்தரும், ஸாக்ரடீஸின் ஸம்பாஷணைகளில் எங்கும் பிளேட்டோவே தெரிகிறார், இதில் எழுதியவர் தெரியவே இல்லை என்று பாராட்டிக் கடிதம் எழுதினார்.

குறை ஒன்று உண்டு. மஹேந்திரர் இருந்த நாட்களின் பேச்சுத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. லீவு நாளில் வந்தவர்கள் பெரும்பாலும் படித்த ஆண்கள். சில அடி தூரத்தில் நஹபத் என்ற சிறு அறையில் சாரதா தேவியாரும் மற்றப் பெண்மணிகளும் என்ன கேட்டார்கள், அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பது இதில் அபூர்வம். மஹேந்திரர் அஞ்ஞானி என்று சொன்ன அந்த மனைவி நிகுஞ்ச தேவி, பிற்பாடு மூத்த பிள்ளையைப் பறிகொடுத்துச் சித்தம் கலங்கியிருந்தபோது, காசிப்பூருக்கு வந்து சாரதா தேவியாரோடு தங்கும்படி பரமஹம்ஸரே சொன்னார். அங்கே நடந்த பேச்சுக்கு நாட்குறிப்பு இல்லை.

நூல் நம் பக்கம் வந்த விதமும் சொல்ல வேண்டியதே. மஹேந்திரரே செய்த ஆங்கிலப் பதிப்பு 1907ல் சென்னையிலிருந்து வெளிவந்தது. ஐந்து பாகங்களையும் தேதி வரிசைப்படுத்தி ஸ்வாமி நிகிலாநந்தர் செய்த மொழிபெயர்ப்பு 1942ல் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் முன்னுரையோடு நியூயார்க்கில் வந்தது. தமிழில் அமுத மொழிகள் என்ற பெயரில் மயிலாப்பூர் மடம் வெளியிட்டிருக்கிறது.

மஹேந்திரர் பிற்காலத்தில் ஆம்ஹர்ஸ்ட் தெருவில் தாமே ஒரு பள்ளியை நடத்தி, அதன் மாடியிலேயே வாழ்ந்தார். சாயங்காலமானால் மொட்டைமாடியில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் மாணவர்களும் வந்து உட்காருவார்கள். மாஸ்டர் மஹாசயர் பழைய டயரியிலிருந்து ஒரு நாளை எடுத்துச் சொல்வார். ஐந்தாம் பாகத்துக்கான வேலையை முடித்த கையோடு 1932 ஜூன் 4ந் தேதி காலமானார். அந்த மொட்டைமாடியில் அவர் பேசியதை, பின்னால் ஸ்வாமி நித்யாத்மாநந்தர் ஆன ஒரு வாலிபர் தினமும் குறித்து வைத்துக்கொண்டிருந்தார். அது 16 பாகங்களாக அச்சாகியிருக்கிறது.